முதல் வரவு செலவுத் திட்டம்

லிங்கராஜபுரத்து மேம்பாலத்தின்மீது நாள்தோறும் பல்லாயிரம் ஊர்திகள் செல்கின்றன. அப்பாலத்தைக் கட்டிய பணம் ஒருவருடைய பணம் அன்று. கடையில் வாங்கும் சோப்பு, வண்டிக்கு நிரப்பும் எரிபொருள், மாதச் சம்பளம் ஆகியவற்றிலிருந்து வரியாகச் சேர்ந்த பணமே பாலமாகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் மாறுகிறது. எவ்வளவு வரி வாங்குவது, எதற்குச் செலவிடுவது என்பதை அரசு தன் விருப்பப்படி முடிவு செய்ய இயலாது. ஆண்டுதோறும் நிதியமைச்சர் மக்களின் சார்பாளர்கள் முன் நின்று கணக்கைச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அவர்கள் இசைந்த பின்னரே ஒரு ரூபாயையேனும் செலவிட முடியும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் இந்தப் பணியை முதன்முதலில் செய்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு தமிழர். அவர் பெயர் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

இளமையும் கல்வியும்

சண்முகனார் 1892 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வணிகத்தில் ஈடுபட்டிருந்தது. பருத்தி விளையும் கரிசல் நிலமும், நூல் நூற்கும் ஆலைகளும் சூழ்ந்த ஊர் அது. பஞ்சின் விலை ஏறினால் எவர் மகிழ்வார், இறங்கினால் எவர் வருந்துவார் என்பதை நூல்களில் படிப்பதற்கு முன்னரே அவ்வூர்ப் பிள்ளைகள் கடைத்தெருவில் அறிந்துகொள்வர்.

அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். படிப்பை முடித்தபின் பொதுவாழ்வில் நுழைந்து, 1917 ஆம் ஆண்டில் கோவை நகராட்சியின் உறுப்பினரானார். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை ஆகிய சிறு கணக்குகளே அவர் பார்த்த முதல் அரசுக் கணக்குகள். 1920 இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கும், அடுத்த சில ஆண்டுகளில் தில்லியிலிருந்த மத்திய சட்டமன்றத்திற்கும் சென்றார்.

தில்லியில் அவருடைய பேச்சுத்திறன் விரைவில் புகழ்பெற்றது. பொருளாதாரம் பற்றிய விவாதம் எழுந்தால் அவர் பேசுவதைக் கேட்க மன்றம் காத்திருந்தது. 1933 இல் அம்மன்றத்தின் தலைவராகவே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இக்காலத்து மக்களவைத் தலைவர் பதவிக்கு ஒப்பானது அப்பதவி.

எனினும் அதே ஆண்டுகளில் அவர்மீது கடுமையான குறையும் கூறப்பட்டது. 1932 இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரித்தானியப் பேரரசின் நாடுகள் கூடிப் பேசிய மாநாட்டில் இந்தியாவின் சார்பில் சென்றவர்களுள் அவரும் ஒருவர். பேரரசுக்குள் விளையும் பொருள்களுக்குக் குறைந்த சுங்கத் தீர்வை விதிப்பது அங்கு ஏற்பட்ட உடன்பாடு. சுதேசிப் பொருளையே வாங்குவோம் என்று நாடு முழங்கிய நேரத்தில், இந்த உடன்பாட்டை ஆதரித்தவரை மக்கள் எளிதில் மன்னிக்கவில்லை. 1934 தேர்தலில் அவர் தோற்றார். மன்றத்தின் தலைவராக இருந்தவர் மன்றத்தின் உறுப்பினராகக்கூட இல்லாமல் ஊர் திரும்பினார்.

கொச்சியும் அமெரிக்காவும்

தோல்வி அவரை முடக்கவில்லை. 1935 இல் கொச்சி அரசின் திவானாகப் பொறுப்பேற்று 1941 வரை அங்குப் பணியாற்றினார். கொச்சித் துறைமுகம் பெரிய கப்பல்கள் வந்து தங்கும் துறைமுகமாக வளர்ந்த காலம் அது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் ஆட்சியில் ஒரு பங்கு அளிக்கும் சட்டம் 1938 இல் கொச்சியில் நடைமுறைக்கு வந்தது. மன்னராட்சி நடந்த பகுதிகளில் அது புதுமையான முயற்சி.

இரண்டாம் உலகப்போரின்போது, இந்தியாவிற்கு வேண்டிய பொருள்களை வாங்கும் குழுவின் தலைவராக அவர் அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். 1944 இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்னும் ஊரில் நாற்பத்து நான்கு நாடுகள் கூடின. உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் அக்கூட்டத்தில்தான் உருவாயின. இந்தியக் குழுவில் சண்முகனாரும் இருந்தார். போருக்காக இந்தியாவிடம் பொருள்களைப் பெற்ற பிரித்தானியா, அவற்றிற்கு உரிய பணத்தை உடனே தரவில்லை. கணக்கில் மட்டும் எழுதி வைத்திருந்தது. பஞ்சத்தில் மக்கள் மடிந்த ஒரு நாடு, தன்னை ஆண்ட நாட்டிற்கே கடன் கொடுத்திருந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. அக்கடனைத் திரும்பப் பெறும் வழியை இந்தியக் குழு அங்கு எழுப்பியது. அப்போது முடிவு கிட்டவில்லை.

அமைச்சரவையில் இடம்

1947 ஆகஸ்டு 15 அன்று நேருவின் தலைமையில் முதல் அமைச்சரவை பதவியேற்றது. நிதித்துறை சண்முகனாருக்கு அளிக்கப்பட்டது. பலர் இதனை எதிர்பார்க்கவில்லை. அவர் காங்கிரசுக் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவரும் அல்லர். பிரித்தானிய அரசு 'சர்' பட்டம் அளித்துப் பாராட்டியவர். ஆயினும் அம்பேத்கர் போன்ற வேறு சிலரைப் போலவே, கட்சிக்கு வெளியிலிருந்து திறமை கருதி அழைக்கப்பட்டார். நாட்டின் கருவூலத்தை நன்கு அறிந்த ஒருவர் அந்த நேரத்தில் தேவைப்பட்டார்.

அந்த நேரம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில் லியாகத் அலி கான் நிதியுறுப்பினராக இருந்து, பிரிக்கப்படாத இந்தியாவிற்காக ஒரு வரவு செலவுத் திட்டத்தை அளித்திருந்தார். ஆகஸ்டில் அவரே பாகிஸ்தானின் முதல் தலைமையமைச்சர் ஆகிவிட்டார். நாடு இரண்டானது. படை இரண்டானது. தொடர்வண்டிகள், அலுவலகத் தட்டச்சுப்பொறிகள், நாற்காலிகள்கூட இரண்டாகப் பங்கிடப்பட்டன. பணத்தாளை மட்டும் உடனே பங்கிட இயலவில்லை. பிரிவினைக்குப் பின்னும் சில மாதங்கள் இரு நாடுகளுக்கும் இந்திய ரிசர்வ் வங்கியே பொதுவாக இருந்தது. பழைய திட்டம் பயனற்றுப் போனதால், ஆகஸ்டு 15 முதல் அடுத்த மார்ச்சு 31 வரையுள்ள ஏழரை மாதங்களுக்குப் புதிய கணக்கு ஒன்று வேண்டியிருந்தது.

1947 நவம்பர் 26

அன்று சண்முகனார் அரசியல் நிர்ணய மன்றத்தின் முன் எழுந்து நின்றார். அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருந்த அம்மன்றமே அந்நாளில் நாடாளுமன்றமாகவும் செயல்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் தலைவராக வீற்றிருந்த அதே கட்டடம் அது. இப்போது தலைவரின் இருக்கையில் மாவ்லங்கர் அமர்ந்திருந்தார். அன்று பிறரைப் பேச அழைத்தவர், இன்று பிறருக்கு விடையளிக்க வேண்டியவராக நின்றார்.

அவர் அளித்த கணக்கு இது. ஏழரை மாதங்களில் எதிர்பார்க்கும் வரவு 171.15 கோடி ரூபாய். செலவு 197.39 கோடி ரூபாய். வரவை விடச் செலவு மிகுந்தால் அந்த வேறுபாட்டைப் பற்றாக்குறை என்பர். இங்குப் பற்றாக்குறை 26.24 கோடி.

புதிதாகப் பிறந்த அரசு, முதல் கணக்கிலேயே கடனோடு நிற்பதா என்னும் வினா எழுவது இயல்பு. சண்முகனாரின் விடை செலவுப் பட்டியலில் இருந்தது.

செலவில் ஏறத்தாழப் பாதி, அதாவது 92.74 கோடி, பாதுகாப்பிற்கு ஒதுக்கப்பட்டது. காந்தியடிகளின் வழியில் விடுதலை பெற்ற நாடு படைக்கு இவ்வளவு செலவிடுவது முரணாகத் தோன்றலாம். ஆனால், உரை நிகழ்ந்த நாளுக்கு ஒரு மாதம் முன்புதான் காசுமீரத்தில் போர் மூண்டிருந்தது. பஞ்சாபில் எல்லை கடந்து வந்த மக்கள் கூட்டத்திற்குக் காவலாகச் சென்றவர்களும் படைவீரர்களே. படையே இரு நாடுகளுக்கிடையில் பிரிந்து, ஒழுங்குபட்டுக்கொண்டிருந்தது. இந்நிலையில் பாதுகாப்புச் செலவை உடனே குறைத்துக்காட்ட அவரால் இயலவில்லை.

எஞ்சிய 104.65 கோடியில் இரண்டு தொகைகள் கருதத்தக்கவை. ஒன்று, அகதிகளை அழைத்து வரவும் காப்பாற்றவும் ஒதுக்கிய 22 கோடி. வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு உடுத்த உடையோடு வந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். அவர்களுக்குக் கூடாரம், கம்பளி, உணவு, மருந்து ஆகியவை வேண்டும். வடநாட்டில் குளிர்காலம் தொடங்கிவிட்டது. இத்தகைய செலவுக்குத் துல்லியமாக மதிப்பீடு செய்வதும் அரிது. நாளை எத்தனை பேர் வருவர் என்பதை எவராலும் சொல்ல இயலாது.

மற்றொன்று, உணவுக்கான 22.52 கோடி. அரிசியும் கோதுமையும் நாட்டில் போதாமையால் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றின் விலை உள்நாட்டு விலையினும் கூடுதல். அந்த விலைக்கே விற்றால் ஏழைகள் வாங்க இயலாது. ஆகையால் அரசு கூடிய விலைக்கு வாங்கி, பங்கீட்டுக் கடைகளில் குறைந்த விலைக்கு விற்றது. இடையிலுள்ள இழப்பைக் கருவூலம் ஏற்றது. இன்று ரேஷன் கடை வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு இக்கணக்கு புதிதன்று.

அகதிக்கும் உணவுக்கும் சேர்த்து 44 கோடிக்கு மேல் ஆகிறது. பற்றாக்குறையோ 26 கோடி. பிரிவினையும் பஞ்சமும் இல்லாதிருந்தால் வரவே செலவை விஞ்சியிருக்கும் என்பது எளிய கூட்டல் கழித்தலில் புலப்படும். நாட்டின் நிதிநிலை அடிப்படையில் உறுதியானது என்று அவர் மன்றத்திற்கு எடுத்துரைத்ததற்கு இதுவே அடித்தளம்.

ஒரே ஒரு வரி

பற்றாக்குறையை ஈடுசெய்ய வரிகளை உயர்த்தலாமே? அவர் அவ்வாறு செய்யவில்லை. ஏழரை மாதக் கணக்கிற்காக நாட்டின் வரி அமைப்பை அசைப்பது முறையன்று என்றும், மூன்று மாதங்களில் முழு ஆண்டுத் திட்டம் வரும்போது அதனைப் பார்க்கலாம் என்றும் கருதினார். கொந்தளிப்பில் இருக்கும் மக்கள்மீது மேலும் சுமையேற்ற அவர் விரும்பவில்லை.

ஆயினும் ஒரு மாற்றத்தை மட்டும் செய்தார். ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்குச் சதுர கஜத்திற்கு நான்கணா, நூலுக்கு ஓர் இராத்தலுக்கு ஆறணா என்று தீர்வை விதித்தார். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கில் நான்கணா என்பது கால் ரூபாய். போருக்குப் பின் உலகெங்கும் துணிக்குத் தட்டுப்பாடு நிலவியது. வெளிநாடுகளில் இந்தியத் துணி உயர்ந்த விலைக்கு விற்றது. நெய்தவருக்கும் சேராமல் வாங்கியவருக்கும் சேராமல் இடையிலுள்ளோரிடம் தங்கிய ஊதியத்தில் ஒரு பகுதியைப் பொதுக் கருவூலத்திற்குக் கொண்டுவருவதே அத்தீர்வையின் நோக்கம்.

கோவை ஆலைகளின் ஓசையில் வளர்ந்த ஒருவர் தம் முதல் வரியைப் பருத்தித் துணியின்மீது விதித்தார் என்பது கவனிக்கத்தக்கது. தம் ஊரின் தொழிலுக்குச் சலுகை தேடுபவர் இவ்வரியைத் தேர்ந்திருக்க மாட்டார்.

இத்தீர்வையால் அவ்வாண்டில் கிடைக்கவிருந்த தொகை 1.65 கோடி. பற்றாக்குறை 24.59 கோடியாகக் குறைந்தது. மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்கு அது.

துறைமுகத்தில் பண்டங்களின்மீது வாங்கும் தீர்வையைப் பழந்தமிழர் உல்கு என்றனர். காவிரிப்பூம்பட்டினத்தில் சோழனின் புலி முத்திரை இட்டபின்னரே மூட்டைகள் வெளியேறின என்பதைச் சங்க இலக்கியத்தால் அறிகிறோம். அந்தப் புகார் நகரைப் பற்றிச் சண்முகனார் நன்கு அறிந்திருந்தார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு அவர் உரை எழுதியுள்ளார். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் நண்பர். இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்க வேண்டும் என்ற தமிழிசை இயக்கத்திற்குத் துணை நின்றவர். கோடிக்கணக்கான எண்களுக்கிடையில் வாழ்ந்தவரிடம் இளங்கோவடிகளுக்கும் இடமிருந்தது.

பெங்களூரும் அந்தத் திட்டமும்

இன்று லிங்கராஜபுரத்தில் வாழ்வோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த நவம்பர் மாதத்தில் இப்பகுதி மைசூர் அரசைச் சேர்ந்திருந்தது. அருகிலிருந்த தண்டுப் பகுதியைப் பிரித்தானியர் மைசூரிடம் திருப்பியளித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. மைசூர் இந்தியாவுடன் இணைந்தபோது பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டுமே ஒப்படைத்தது. ஆகவே சண்முகனாரின் வருமான வரிக் கணக்கில் பெங்களூர் இடம்பெறவில்லை. 1950 ஏப்ரலில்தான் மைசூரின் நிதி இந்திய அரசின் நிதியோடு ஒன்றாயிற்று. அதன்பின்னரே கோவையில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் ஒரே நடுவண் கருவூலத்திற்கு ஒரே முறையில் வரி செலுத்தலாயினர்.

ஐம்பத்தைந்து கோடி

1948 சனவரி அவருக்குக் கடினமான மாதமாக அமைந்தது. பிரிவினையின்போது கையிருப்புப் பணத்தில் பாகிஸ்தானுக்கு 75 கோடி என்று முடிவாகியிருந்தது. அதில் 20 கோடி முன்னரே அளிக்கப்பட்டது. காசுமீரப் போர் நடக்கும்போது மீதி 55 கோடியைக் கொடுத்தால் அது படைக்கருவியாகவே திரும்பி வரும் என்று அமைச்சரவை அஞ்சி, அதனை நிறுத்தி வைத்தது. அம்முடிவை நாட்டிற்கு விளக்கும் பொறுப்பு நிதியமைச்சருக்கும் இருந்தது. சனவரி 13 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். சனவரி 15 அன்று அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டு, பணத்தைக் கொடுப்பதாக அறிவித்தது. ஒரு வாரத்திற்குள் ஒரு முடிவையும் அதற்கு நேர்மாறான முடிவையும் தாங்கி நிற்பது எந்த அமைச்சருக்கும் எளிதன்று. ஒப்புக்கொண்ட கடனைக் கொடுத்தே தீரவேண்டும் என்பதே இறுதியில் நிலைத்தது.

பிப்ரவரி இறுதியில் முழு ஆண்டுக்கான திட்டத்தை அவர் அளித்தார். நாட்டில் பொருள் உற்பத்தி பெருகினாலன்றி விலைவாசி இறங்காது என்பது அவருடைய துணிபு. அதனால், முந்தைய ஆண்டில் விதிக்கப்பட்ட வணிக இலாப வரியைக் குறைத்தார். செல்வர்களுக்கு இரங்குகிறார் என்ற குறை எழுந்தது. அக்குறையை முற்றிலும் புறந்தள்ள இயலாது. வரியைக் குறைத்தால் அந்தப் பணம் ஆலைக்குச் செல்லுமா, பெட்டிக்குள் செல்லுமா என்பது இன்றுவரை விவாதிக்கப்படும் வினா. தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்க 1948 சூலை முதல் நாள் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில் நிதிக் கழகமும் அவர் காலத்ததே. அதே கோடையில் இலண்டனுக்குச் சென்று, பிரெட்டன் உட்சில் முடிவு பெறாத அந்தப் போர்க்காலக் கடனைப் பற்றிப் பிரித்தானிய அரசுடன் உடன்பாடு ஒன்றைச் செய்து திரும்பினார்.

பதவி விலகல்

திரும்பிய சில வாரங்களில் அவருடைய அமைச்சர் வாழ்வு முடிந்தது.

போர்க்காலத்தில் பெரும் பணம் ஈட்டியும் வருமான வரி கட்டாமல் மறைத்தவர்களை ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. எவரெவரை ஆராய வேண்டும் என்ற பட்டியலை அரசு அதற்கு அனுப்பும். அப்பட்டியலிலிருந்து சிலருடைய பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன என்பது வெளிப்பட்டது. எளியவர் ஓரணா வரியையும் தப்பாமல் செலுத்தும் நாட்டில், வலியவர் பெயர் பட்டியலிலிருந்து மறைவது எவ்வாறு என்று வினாக்கள் எழுந்தன. துணிக்கும் நூலுக்கும் விதித்த தீர்வையைக் காரணங்களால் காத்து நிற்க முடிந்தது. இதற்கு அத்தகைய காரணம் இருக்கவில்லை. ஒரு துறையில் நேரும் தவற்றுக்கு அத்துறையின் அமைச்சரே பொறுப்பு என்பது நாடாளுமன்ற மரபு. 1948 ஆகஸ்டு 17 அன்று சண்முகனார் பதவி விலகினார். பதவியேற்று ஓராண்டும் இரண்டு நாள்களும் ஆகியிருந்தன. தொடர்வண்டித் துறையைக் கவனித்துவந்த ஜான் மத்தாய் அவருக்குப்பின் நிதியமைச்சரானார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1958 இல், மற்றொரு தமிழர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முதலீடு பற்றிய வினாக்களால் அதே நிதியமைச்சர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. கணக்குக் கேட்கும் மன்றம் வலிமையோடு இருந்த காலம் அது.

சண்முகனார் அதன்பின் தில்லி அரசியலுக்குத் திரும்பவில்லை. 1952 தேர்தலில் எக்கட்சியையும் சாராமல் நின்று சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். நகராட்சியிலும் மாகாண மன்றத்திலும் தொடங்கிய வாழ்வு மீண்டும் மாகாண மன்றத்திற்கே வந்து சேர்ந்தது. 1953 ஆம் ஆண்டு மே 5 ஆம் நாள், தம் அறுபதாம் வயதில் அவர் மறைந்தார்.

1947 நவம்பர் 26 அன்று அவர் ஆற்றிய உரை நிதியமைச்சகத்தின் ஆவணங்களில் முதலாவதாக இன்றும் இடம்பெற்றுள்ளது. அதற்குப்பின் வந்த எல்லா வரவு செலவு உரைகளும் அதன் கீழே வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன.